யானைத் திறையும் குளத்துத் தண்ணீரும்

டச்சுக்காரர் வன்னியிடம் கேட்டது யானை. 1658இல் போர்த்துக்கேயரை விரட்டி யாழ்ப்பாணத்தைப் பிடித்த கம்பனிக்கு, ஆனையிறவுக்குத் தெற்கே விரிந்த காட்டையும் குளங்களையும் நேரே ஆள ஆளும் இல்லை, விருப்பமும் இல்லை. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பற்றுப் பற்றாகப் பிரிந்துகிடந்த நிலம் அது. ஒவ்வொரு பற்றிலும் அதிகாரம் ஒரு வன்னியனிடம் இருந்தது. அவன் ஆண்டுக்கு இத்தனை யானை பிடித்து அனுப்ப வேண்டும். அந்த யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து யாழ்ப்பாணம் போய், விலை பேசப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேறின. பற்றுக்குள் வழக்குத் தீர்ப்பது யார், எந்தக் குளம் உடைந்தது, எந்த ஊர் இடம்பெயர்ந்தது என்பதில் கம்பனிக்கு அக்கறை இருக்கவில்லை. ஆனால் திறையும் ஒழுங்காக வந்துசேரவில்லை. கம்பனி அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளில் வன்னியர் பெயர் வரும் இடத்தில் பெரும்பாலும் யானைப் பாக்கியும் கூடவே வருகிறது.

அதிகாரப் பகிர்வு பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த யானைப் பாக்கிதான் நினைவுக்கு வரும். ஒரு பிரிவை வரைந்து, அதற்கு ஒரு தலைவனை வைத்து, ‘மேலே தரவேண்டியதைத் தந்துவிட்டு உன் பாட்டைப் பார்’ என்று சொல்வது பழைய ஏற்பாடு. அந்தத் தலைவன் யாருக்குப் பதில் சொல்கிறான்? எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதை நூறு வருடமாக விவாதித்துவிட்டோம். இந்தக் கேள்வியை அந்த அளவுக்குக் கேட்கவில்லை.

வன்னிமைகள் 13ஆம் நூற்றாண்டளவில் தெளிவாகத் தலைகாட்டுகின்றன. பொலன்னறுவை அரசு சரிந்தபின் வடக்கே யாழ்ப்பாண அரசும் தெற்கே சிங்கள அரசுகளும் நிலைகொள்ள, இரண்டுக்கும் நடுவிலிருந்த வறண்ட காட்டுநிலம் சிற்றரசர்களின் கையில் தங்கியது. பேராசிரியர் சி. பத்மநாதன் இந்த வரலாற்றை ஆதாரத்தோடு எழுதியிருக்கிறார். வன்னியன் என்ற பட்டம் தமிழருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தெற்கே நுவரகலாவியவில் சிங்களத் தலைவர்களும் அதையே தாங்கினார்கள். இரண்டு பக்கத்தாரும் அதே குளங்களையும் அதே கொள்ளைக்காய்ச்சலையும் அதே யானைகளையும் சமாளித்தவர்கள்தான். இதை விட்டுவிட்டு வன்னி வரலாறு எழுதுகிறவர் அரைவாசியைத்தான் எழுதுகிறார். இன்று நாம் வன்னி என்று சொல்லும் நிலமும் அன்றைய வன்னியல்ல. பூநகரியும் பச்சிலைப்பள்ளியும் வன்னியருக்குக் கீழே இருந்தவையல்ல, யாழ்ப்பாண அரசோடு சேர்ந்தவை. கிளிநொச்சி மாவட்டத்தோடு அவை வன்னிக்குள் வந்தது நம் காலத்தில்.

வன்னியனை நல்ல தலைவன் என்று நான் சொல்ல வரவில்லை. ஊழியம் வாங்கினான், சாதிக்கு ஏற்ற வேலை பிரித்தான், தன் உறவுக்குள்ளேயே அதிகாரத்தை வைத்துக்கொண்டான். ஆனால் அவன் நிலத்தில் காணி ஏராளம், ஆள் குறைவு. குளத்தைக் கட்டி வயலைத் திருத்த ஆள் இல்லாவிட்டால் காணியால் பயன் ஏது? நெருக்கடி மிஞ்சிப்போனால் ஒரு குடி மாடுகளைச் சாய்த்துக்கொண்டு இரவோடிரவாக அடுத்த பற்றுக்குப் போய்விடும். காடு யாரையும் மறிக்காது. அதனால் தன் குடிகளை ஓரளவுக்கு மேல் நெருக்க அவனால் முடிந்திருக்காது என்பதே என் ஊகம். மக்கள்தான் செல்வம், நிலமல்ல என்று ஆபிரிக்கத் தலைமைகளைப் பற்றி அந்தக் கண்டத்தின் வரலாற்றாசிரியர்கள் சொல்வது வன்னிக்கும் அப்படியே பொருந்துகிறது. மேலே யானை, கீழே குடிகள். இரண்டு பக்கமும் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்ற தலைவன் அவன்.

அந்த இரண்டாவது கணக்கு எப்போது கிழிந்தது என்பதுதான் என்னை உறுத்துவது. 1782 தொடங்கி இரண்டு வருடம் டச்சுப்படை வன்னிக்குள் இறங்கி வன்னிமைகளை உடைத்தது. அந்தப் படையை எதிர்த்து நின்றவர்களில் வன்னிச்சியர் என்று அழைக்கப்பட்ட பெண் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சிலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிறகு முல்லைத்தீவில் இருந்து நிர்வாகம் நடத்திய நாகல் என்ற டச்சு அதிகாரி வன்னியைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அடுத்து வந்த ஆங்கிலேயரை 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்து துரத்தினான். அதே வருடம் ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் நட்ட கல் வெற்றிபெற்றவனின் பெயரை முதலில் சொன்னது. நாம் பதிலுக்குச் சிலை வைத்தோம், நாடகம் போட்டோம். எல்லாவற்றிலும் அவன் கையில் வாள். அந்த மனிதன் எந்தக் குளத்தை மராமத்துச் செய்தான், வழக்கை எங்கே உட்கார்ந்து கேட்டான், விளைச்சலில் எவ்வளவு எடுத்தான் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பந்திகூட இல்லை.

1833இல் கோல்புறூக் பரிந்துரைப்படி தீவு ஐந்து மாகாணங்களாக வெட்டப்பட்டது. அன்றைய வட மாகாணத்துக்குள் நுவரகலாவியவும், அதாவது அநுராதபுரமும், அடங்கியிருந்தது. 1873இல் வடமத்திய மாகாணத்தை உண்டாக்கியபோதுதான் அது பிரிந்து போனது. மாகாண எல்லையைப் புனிதமாகவோ பேராபத்தாகவோ பேசுகிற இரு தரப்பாரும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கவர்னருக்கு வசதியாக வரையப்பட்ட கோடு அது. அந்தக் கோட்டுக்குள் அரசாங்க அதிபர், அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானை என்று அடுக்கு வந்தது. உடையாரும் விதானையும் ஊர்க்காரர்களே; பழைய குடும்பங்களே. ஆனால் நியமனக் கடிதம் கச்சேரியிலிருந்து வந்தது. யானைக்குப் பதிலாக இவர்கள் மேலே அனுப்பியது வரியும் அறிக்கையும். குடி ஓடிப்போனால் விதானைக்கு நட்டமில்லை. ஓடவும் இடமில்லாமல் போனது, ஏனென்றால் 1840ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கிவிட்டது.

ஆபிரிக்காவில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். நைஜீரியாவில் லுகார்ட் ‘மறைமுக ஆட்சி’ என்று பெயரிட்டு வடக்கின் அமீர்கள் வழியாக ஆண்டபோது, தென்கிழக்கில் ஒரு சிக்கல் வந்தது. இக்போ மக்களில் பெரும்பாலோரிடம் மன்னர் இல்லை. ஊர்க்கூட்டம், வயதுக் குழு, பெண்களின் சங்கங்கள் என்றுதான் அவர்கள் தம்மை நடத்திக்கொண்டார்கள். தலைவன் இல்லாத இடத்தில் ஆங்கிலேயர் தலைவனை உண்டாக்கினார்கள். கையில் ஒரு பத்திரத்தைக் கொடுத்து ‘இவன்தான் உங்கள் பாரம்பரியத் தலைவன்’ என்றார்கள். 1929இல் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு அந்தப் பத்திரத் தலைவர்களின் வீடுகளை முற்றுகையிட்டார்கள், நீதிமன்றங்களைக் கொளுத்தினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகே அந்த முறை கைவிடப்பட்டது. உகாண்டாவைச் சேர்ந்த மஹ்மூத் மம்தானி 1996இல் வெளியிட்ட நூலில் இதற்கு வைத்த பெயர் பரவலாக்கப்பட்ட கொடுங்கோன்மை. அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தாலே சுதந்திரம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் வாசிக்க வேண்டிய புத்தகம்.

கானா வேறு வழி போனது. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு பாரம்பரியத் தலைவர்களை ஏற்றுக்கொண்டது. கூடவே அவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்றும் விதித்தது. அங்கே நிலத்தின் பெரும்பகுதி வழக்காற்று உரிமையில் இருக்கிறது. அந்த நிலங்களின் வருமானத்தில் நிர்வாகச் செலவுக்கு 10 வீதம் போக, மிச்சத்தில் 25 வீதம் தலைமைப் பீடத்துக்கு, 20 வீதம் பாரம்பரிய அமைப்புக்கு, 55 வீதம் மாவட்டச் சபைக்கு என்று அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது. நடைமுறையில் குளறுபடி உண்டு, வழக்குகள் உண்டு. ஆனாலும் யார் கையில் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறது. ஒரு குடியானவன் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

வன்னியில் அப்படிக் கேள்வி கேட்க ஒரு இடம் இருந்தது. அது குளக்கட்டு. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது மக்களுக்கு ஒரு கட்டாய ஊழியம் நீங்கியது. ஆனால் குளத்தைத் திருத்தும் பழைய ஏற்பாடும் சேர்ந்து குலைந்தது. குளங்கள் தூர்ந்தன. இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு, 1856இல், ஆங்கிலேயரே ஒரு நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து ‘ஊரின் பழைய வழக்கப்படி செய்யுங்கள்’ என்று சொல்லவேண்டி வந்தது. வயற்சொந்தக்காரர் கூடி வாக்களித்தால் பழைய வழக்கத்துக்குச் சட்டப் பலம் கிடைக்கும். குளத்துக்குப் பொறுப்பான விதானைக்குச் சம்பளம் கச்சேரியிலிருந்து வரவில்லை. கமக்காரர் தம் விளைச்சலில் ஒரு பங்கை அளந்து கொடுத்தார்கள். துருசைத் திறக்கும் நாள், எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர், மாடு வயலுக்குள் இறங்கினால் என்ன தண்டம், அலைகரையில் யார் விதைக்கலாம் என்பவற்றை அவர் ஊரார் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டால் கடைமடைக்காரர் அளந்து கொடுக்கமாட்டார்கள். அந்த ஒருவர்தான் அன்றைய நிர்வாகத்தில் கீழே பதில் சொன்னவர். 1958இல் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. சில இடங்களில் அந்த விதானைகள் சிறு நிலப்பிரபுக்களாக மாறியிருந்தது உண்மை, மாற்றம் தேவைப்பட்டதும் உண்மை. பிறகு வந்த கமநலச் சட்டங்கள் ஒவ்வொன்றும் குழுவின் பெயரை மாற்றி, அதிகாரத்தைத் திணைக்களத்தின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தின. இன்றைய கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் நிற்கின்றன.

மற்றப் பிரிவுகளின் கதையை நீட்டத் தேவையில்லை. 1963இல் தலைமைக்காரர் முறை போய்க் கிராம சேவகர் வந்தார். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டமாயின. 1981இல் கிராம சபைகளைக் கலைத்து மாவட்ட அபிவிருத்திச் சபை என்றார்கள். 1987இல் அதையும் விட்டுப் பிரதேச சபையும் மாகாண சபையும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் கோடு மாறியது, கச்சேரி மாறவில்லை. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதி புலிகளின் நிர்வாகத்தில் இருந்தபோதுகூட அரசாங்க அதிபரும் கிராம சேவகரும் கொழும்புச் சம்பளத்தில் வேலை செய்தார்கள். புலிகளின் நீதிமன்றமும் காவல்துறையும் ஒழுங்கைத் தந்தன என்று நினைவுகூர்பவர்கள் பலர். ஆனால் அந்த நிர்வாகமும் மேலிருந்து கீழேதான் இறங்கியது. அதன் பொறுப்பாளர் ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய ஒரு கூட்டத்தை அது உருவாக்கவில்லை. இதைச் சொல்வது பலருக்குக் கசக்கும். அங்கே வாழ்ந்த மக்களை மதித்துப் பேசுவதானால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஒரு குளத்தை எடுத்துப் பாருங்கள். இரணைமடு. கனகராயன் ஆறு ஒரே மாகாணத்துக்குள் ஓடுவதால் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறாக இருந்தால் மத்திக்குப் போயிருக்கும். குளத்துக்கு நீர் தரும் காடு மத்திய வனத் திணைக்களத்தின் கையில். கீழேயுள்ள வயலின் நெற்காணிப் பதிவு கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில், அதுவும் மத்தி. காணி அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணப் பட்டியலில் இருக்கிறது; ஆனால் அரச காணியை எப்படிப் பயன்படுத்துவது என்று கொள்கை வகுக்கவேண்டிய தேசியக் காணி ஆணைக்குழு 1987இலிருந்து இன்றுவரை அமைக்கப்படவேயில்லை. ஒரே மழையில் விழுந்த தண்ணீர் காட்டிலிருந்து வயலுக்கு வருவதற்குள் மூன்று அதிகாரங்களைக் கடக்கிறது. பழைய பற்றுகளில் காடும் குளமும் வயலும் ஒரே கையில் இருந்தன. பற்றுகளின் அளவையும் எல்லையையும் தீர்மானித்ததில் நீரோட்டத்துக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தின் தாகம் உண்மையானது. அங்கே கிணற்று நீர் உவர்ந்தும் மாசுபட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சிறுபோகத்துக்கே எல்லாருக்கும் தண்ணீர் போதாமல் பங்கு போட்டு விதைக்கிறவர்கள் வேறெதைச் சொல்வார்கள்? கடைசியில் திட்டம் மாறி, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. தமிழ் அரசியல்வாதிகள் பலரும் அந்த நாட்களில் கூச்சப்பட்டு வாய்மூடி இருந்தார்கள், தமிழருக்குள் சண்டை என்று தெரிந்துவிடுமே என்று. எனக்கு அது நல்ல சண்டையாகவே பட்டது. கொழும்பிடம் கேட்கும் கேள்வியைக் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திடமும் கேட்டது.

பற்று முழுதாக மறைந்துவிட்டதா? கரைதுறைப்பற்று ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெயராக நிற்கிறது. வன்னியர் தலைநகராக இருந்த பனங்காமம் மாந்தை கிழக்கில் ஒரு சிற்றூர். தென்னமரவடி திருகோணமலை மாவட்டத்துக்குள் போய்விட்டது. 1984இல் அதன் மக்கள் துரத்தப்பட்டுப் பல வருடம் அகதிகளாக அலைந்தார்கள். அதற்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் 1988இல் மகாவலி ‘எல்’ வலயம் பிரகடனமானது. மணலாறு இன்று வெலிஓயா என்ற பெயரில் ஒரு பிரதேச செயலகப் பிரிவு. காணி கொடுத்தது மகாவலி அதிகாரசபை. மணலாற்றிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல உள்ளூரில் யாருக்கும் அதிகாரம் இல்லை. கேப்பாப்பிலவில் 2017இல் பெண்கள் தம் காணியைக் கேட்டு இராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோதும் இதே நிலைதான். மாகாண சபை அப்போது இருந்தது, முதலமைச்சர் இருந்தார். அந்தப் பெண்களின் காணியில் ஒரு பரப்பைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலமும் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர். பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களால் நடத்தப்பட்டன. இரண்டு வருடம் தலையில்லாமல் இருந்ததைப் பெரிய இழப்பாக ஊரில் யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை என்பது அந்தச் சபைகளுக்கு எவ்வளவு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

பற்றின் பழைய உருவத்தை நான் இன்னும் உயிரோடு காண்பது வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலில். பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, ஏழு நாள் எரிந்தபின் விழா வற்றாப்பளைக்குப் போகும். எந்த ஊருக்கு எந்தக் கடமை, யார் வீட்டுக்கு எந்த உரிமை என்று ஒருவரும் வர்த்தமானியில் போடவில்லை. மக்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபிறகும் அந்தக் கடமைகள் வழி தவறவில்லை. கரையும் காடும் வயலும் ஒரே ஒழுங்குக்குள் இணைகின்றன. அதே ஒழுங்குக்குள் சாதி உரிமைகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

குளத்துக் கூட்டத்தைப் பற்றியும் அதே நேர்மையோடு சொல்லவேண்டும். காலபோகம் முடிந்து சிறுபோகத்துக்கு முன் அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம்தான் இன்று வன்னியில் மிச்சமிருக்கும் உண்மையான சபை. நீர்மட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்கிறார். எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், எந்தத் திகதி என்று வாக்குவாதம் நடக்கிறது. சில வருடம் சத்தம் வெளியே கேட்கும். ஆனால் அங்கே பேசுவது வயற்சொந்தக்காரர். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் அந்த வயல்களில் நாற்று நடுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள். நெற்காணிப் பதிவில் அவர்கள் பெயர் இல்லை. பலரிடம் காணிக்கு உறுதியும் இல்லை. போரில் கணவனை இழந்து தனியே வயல் செய்யும் பெண்களின் பெயரில் காணி இருக்கிறது, கூட்டத்தில் அவர்களுக்காகத் தம்பியோ மச்சானோ பேசுகிறார்.

மாகாண சபைத் தேர்தல் எப்போதாவது நடக்கும். நடந்தால் அந்தச் சபை தனக்கு உரிய குளங்களுக்கு ஒரு நியதிச்சட்டம் எழுதலாம். அதற்குக் கொழும்பிலிருந்து புதிய அதிகாரம் எதுவும் வரவேண்டியதில்லை. ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் ஒரு சபை. அதில் தலைமடைக்கும் கடைமடைக்கும் சமமான இடம். காணியில்லாத கூலிக்காரருக்கு இடம். தன் பெயரில் காணியுள்ள பெண் தானே வந்து பேசும் உரிமை. குளத்தில் வலைபோடும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்துக்கும் ஒரு குரல். ஏனென்றால் துருசை எந்த மட்டத்தில் மூடுவது என்பது மீனையும் பாதிக்கும். கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு முன் வாசிக்கப்பட வேண்டும். அப்படிப்பட்ட சபை முதலில் இரணைமடுவில் கூடட்டும், அடுத்த வருடம் முத்தையன்கட்டில், அதற்கடுத்த வருடம் வவுனிக்குளத்தில்.